மதலேனாள் ஊற்றிய தண்ணீர்

ராயப்பன்பட்டிக்கும் தேவாரத்துக்கும் இடையில், மலையடிவாரத்தை ஒட்டி ஒதுங்கிக் கிடந்தது சூசையபட்டி. தெற்கே கோவில் தெரு, வடக்கே மேலத்தெரு, ஊர் அவ்வளவுதான். கோவில் தெருவில் வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள், இருந்தார்கள். மேலத்தெருவில் உழுது பிழைக்கும், ஜக்கம்மாவைக் கும்பிடும் சம்சாரிகள். இரண்டு தெருவுக்கும் குடிதண்ணீர் மேலத்தெரு ஒச்சாண்டியின் தோட்டத்துக் கிணற்றிலிருந்துதான் வந்தது.

அந்த ஊரில் மதலேனாளைப் போலப் பயந்த பெண்பிள்ளை வேறொருத்தி இல்லை. இடி இடித்தால் கையிலிருந்த உலக்கையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடுவாள். கிணற்றைக் குனிந்து பார்க்க மாட்டாள். பங்குச் சாமியார் குதிரையில் வந்து இறங்கினால், அந்த வெள்ளைக்காரரின் தாடியைக் கண்டு வாயடைத்துப் போய், ஸ்தோத்திரம் சொல்லக்கூட நாக்கு எழாமல் நிற்பாள். அவளிடம்தான் கோவில் பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளுக்குச் செப மந்திரம் சொல்லிக்கொடுக்கும் வேலை வந்து சேர்ந்திருந்தது.

அவள் பயப்படுவதற்கு ஒரு காரணம் இருந்தது. பதினெட்டு வயதில் அவளுக்குப் பிறந்த ஆண்பிள்ளை ஒரு நாழிகைகூட உயிரோடு இல்லை. அந்த நேரத்துக்குள் யாராவது ஒரு செம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்திருக்கலாம். மருத்துவச்சிக்கு மந்திரம் தெரியாது. மதலேனாளுக்குத் தெரியும். ஆனால் அவள் நினைவில்லாமல் கிடந்தாள். ஞானஸ்நானம் இல்லாமல் செத்த பிள்ளை என்று கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே புதைத்தார்கள். எந்த இடம் என்று அவளுக்கு யாரும் காட்டவில்லை. அந்த மாதிரிப் பிள்ளைகள் மோட்சத்துக்கும் போவதில்லை, நரகத்துக்கும் போவதில்லை, வெளிச்சமில்லாத ஓரிடத்தில் இருக்கும் என்று உபதேசியார் அமிர்தராஜ் சொன்னார். மறுவருஷம் புருஷனும் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். உபதேசியார்தான் இரங்கி, "வீட்டுல ஒத்தையில கெடந்து அழுறதுக்கு, பிள்ளைகளுக்கு மந்திரம் சொல்லிக்குடு" என்று பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். அது நடந்து பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வண்டி வண்டியாக அரிசியும் சுண்ணாம்பும் மலைக்கு ஏறின. மலையிலிருந்து கூலியாட்கள் இறங்கி வந்தார்கள். அவர்களோடு நோயும் இறங்கி வந்தது. அந்தக் கார்த்திகை மாத நடுவில் வாந்திபேதி சூசையபட்டிக்குள் நுழைந்தது.

பாலன் பிறந்த திருநாளுக்காகப் பிள்ளைகளை ஆயத்தம் செய்கிற ஆகமன காலமும் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அந்த வருஷம் ஒன்பது பிள்ளைகள் திருநாள் பூசையில் முதல் தடவையாகத் திவ்விய அப்பம் உட்கொண்டு புது நன்மை வாங்க இருந்தார்கள். பள்ளிக்கூடத்து மூலையில் வெறும் மரத்தொட்டி ஒன்றை வைத்து, பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோலையும் போட்டிருந்தாள் மதலேனாள். ஒரு பிள்ளை ஒருவேளைச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்தாலோ, தம்பியை அடிக்க ஓங்கிய கையை மடக்கிக்கொண்டாலோ, ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டியில் போடலாம். பாலன் படுக்க மெத்தை வேண்டுமே. பிள்ளைகள் ஆசையாகப் போட்டார்கள். தெருவில் பிணம் போகும்போது பள்ளிக்கூடத்துக் கதவைச் சாத்திக்கொண்டு, வெளியே தப்பு மேளச் சத்தம் கேட்காதபடி உரக்க மந்திரம் சொன்னார்கள்.

ஒருநாள் மத்தியானம் மதலேனாள் வீட்டுக் கொல்லைப்புறத்தில் யாரோ அலறினார்கள். பின்சுவருக்கு அந்தப்பக்கம் ஒச்சாண்டியின் வீடு. அவன் மலைக்கு வண்டி கட்டிப் போயிருந்தான். அலறியது அவன் பெண்சாதி மொக்கம்மாள்.

"மதலேனக்கா, எம் புள்ளைக்கு வந்துருச்சுக்கா. இங்கன வாக்கா."

அந்த நோய் இருக்கும் வீட்டுப் படியை யாரும் மிதிப்பதில்லை. இருந்தாலும் அந்தக் குரல் மதலேனாளை இழுத்துக்கொண்டு போனது. ஒன்றரை வயசுப் பிள்ளை மாயக்காள் கிழிந்த சேலைமேல் கிடந்தாள். கண் குழிவிழுந்திருந்தது. உதடு கருத்து, விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போயிருந்தது.

"நான் வைத்தியரக் கூட்டியாரேன். அதுமட்டும் பாத்துக்கக்கா" என்று சொல்லிவிட்டு மொக்கம்மாள் ஓடிவிட்டாள்.

மதலேனாள் பிள்ளையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். உடம்பு ஈரமண்ணைப் போலக் குளிர்ந்திருந்தது. கொஞ்ச நேரத்தில் முனகலும் நின்றது. மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருக்கிறதா, இல்லையா என்றே தெரியவில்லை. வாசலைப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

சுவருக்கு வெளியே புதைந்து கிடக்கும் தன் பிள்ளைதான் அந்த நேரத்தில் அவள் கண்முன்னே வந்தது. வெளிச்சமில்லாத அந்த இடத்தில் இன்னொரு பிள்ளையா என்று நினைத்தாள். பக்கத்திலிருந்த செம்பை எடுத்து மாயக்காளின் நெற்றியில் மூன்று தடவை தண்ணீர் வார்த்தாள். "பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்து சாந்துவினுடையவும் நாமத்தினாலே, மரியாயி, உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்றாள். அந்தப் பேர் எங்கிருந்து வந்ததென்று அவளுக்கே தெரியாது.

தண்ணீர் பட்டதும் பிள்ளை உதட்டை நக்கியது.

மதலேனாள் திடுக்கிட்டாள். பிறகு அடுப்படியில் இருந்த கஞ்சித் தண்ணீரில் உப்பைக் கரைத்து, சேலை நுனியை நனைத்து, சொட்டுச் சொட்டாக வாயில் விட்டாள். வெயில் சாயும்வரை விட்டுக்கொண்டே இருந்தாள். மொக்கம்மாள் வைத்தியர் இல்லாமல் தனியே திரும்பி வந்தபோது பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தது. மறுநாள் பால் குடித்தது. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தது.

மேலத்தெரு முழுக்க அதே பேச்சு. ஜக்கம்மா காப்பாற்றினாள் என்றார்கள். மதலேனாளுக்கோ அன்றிலிருந்துதான் உண்மையான பயம் பிடித்தது. செத்துப்போகும் பிள்ளைக்கென்று ஊற்றிய தண்ணீர் அது. பிள்ளை பிழைத்துவிட்டால் அந்தத் தண்ணீரை என்ன செய்வது? திருப்பி எடுக்க முடியுமா?

சாயங்கால மந்திரம் முடிந்ததும் உபதேசியாரிடம் சுற்றி வளைத்துக் கேட்டாள். "உபதேசியாரே, சாகக் கெடந்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்து, அது பிழைச்சுக்கிட்டா என்ன செய்வாக?"

"வேதக்காரப் பிள்ளையா?"

"இல்ல. அஞ்ஞானி வீட்டுப் பிள்ளைன்னு வச்சுக்கங்க."

அமிர்தராஜ் கழுத்துத் துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார். "அது திருச்சபையோட பிள்ளை. அஞ்ஞானத்துல வளர விடப்படாது. வடக்க ஒரு ஊர்ல அப்படி ஒண்ணு நடந்துச்சு. சாமியாரு வந்து கேட்டாக. பெத்தவுக தரமாட்டோம்னுட்டாக. மடத்துக்குக் கொண்டுபோக ஆளுக போனப்ப கம்பும் அருவாளுமா ஆகிப்போச்சு. ரெண்டு வீடு எரிஞ்சது."

"பிள்ளை என்னாச்சு?"

"பிள்ளை என்னாச்சுன்னு யாரும் சொல்லல." அவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "ஏன் கேக்கிற?"

"பிள்ளைக கேட்டுச்சுக" என்றாள் மதலேனாள். பொய் சொன்னோமே என்ற பயமும் சேர்ந்துகொண்டது.

அதன் பிறகு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சாமியாரிடம் சொன்னால் பிள்ளையைக் கேட்பார். ஒச்சாண்டி முரடன், வரப்பில் மாடு மேய்ந்ததற்கே பங்காளியின் கையை ஒடித்தவன். அவன் பிள்ளையைக் கேட்டால் கோவில் தெருவில் ஒரு கூரை மிஞ்சாது. கூரை மிஞ்சினாலும் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடமாட்டான். சாமியாரிடம் சொல்லாமல் விட்டால்? திருநாளுக்கு முன் எல்லோரும் தங்கள் பாவங்களை அவரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். தினமும் பள்ளிக்கூடத்தில் அவள் வாயாலேயே அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது: "ஒரு பாவத்தைப் பயத்தாலோ வெட்கத்தாலோ மறைத்தால், சொன்ன பாவங்களும் தீராது. அப்படியே நன்மை வாங்கினால் அது எல்லாவற்றிலும் பெரிய பாவம்."

பிலோமினா என்ற பெண் ஒருநாள் எழுந்து, "வாத்தியாரம்மா, செஞ்சது பாவமா இல்லையான்னே தெரியலைன்னா?" என்று கேட்டாள்.

"சாமியாருகிட்டக் கேக்கணும்" என்றாள் மதலேனாள். பிள்ளைகள் கைகூப்பிக் கண்ணை மூடி ஆத்தும சோதனை செய்தார்கள். அவளும் கண்ணை மூடினாள். தண்ணீர் ஊற்றியது பாவமா, ஊற்றியதைப் பெற்றவளிடம் சொல்லாமல் வைத்திருப்பது பாவமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் நெருப்பு தெரிந்தது.

மார்கழி பிறந்து ஒச்சாண்டி மலையிலிருந்து இறங்கினான். வந்ததும் வராததுமாக மதலேனாள் வீட்டு வேலிப்படலுக்கு வெளியே வந்து நின்றான். கையில் அருவாள் இருக்கிறதா என்றுதான் அவள் முதலில் பார்த்தாள். ஒரு கூடை அவரைக்காய் இருந்தது.

"தாயி, பேதி கண்ட வீட்டுக்குள்ள எங்க ஆளுகளே வரல. நீ வந்து உக்காந்திருக்க. சாகுமட்டும் மறக்க மாட்டேன்" என்றான். கண் கலங்கியிருந்தது. பின்னால் மொக்கம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தையில ஜக்கம்மா கோவில்ல மொட்டையெடுத்துக் காது குத்துறோம்க்கா. எனக்குக் கூடப் பெறந்தவுக யாரும் இல்ல. நீதான் இவள மடியில வச்சுக்கிறணும்."

மதலேனாள் ஏதோ தலையாட்டினாள். அவர்கள் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு சுவரோடு சுவராகச் சாய்ந்தாள். அவன் அருவாளோடு வந்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டாள். அவள் செய்தது முழுவதும் தெரியாமலே ஒருவன் கண்ணீர் விட்டு நன்றி சொன்னதை அவளால் தாங்க முடியவில்லை. விரட்டியிருந்தாலாவது ஓடியிருக்கலாம்.

சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்க வருகிற அன்று காலையில், மதலேனாள் ஒச்சாண்டியின் தோட்டத்துக்குப் போனாள். சாமியாரிடம் சொல்லுவதற்கு முன் பெற்றவளிடம் சொல்ல வேண்டும் என்று எப்படித் தோன்றியதோ தெரியாது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வழியில் இரண்டு தடவை திரும்பிவிட்டாள். மொக்கம்மாள் மொச்சைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள். பிள்ளை வரப்பில் உட்கார்ந்து மண்ணை அள்ளிக்கொண்டிருந்தது.

"மொக்கம்மா, நீ வைத்தியரக் கூட்டியாரப் போனப்ப நான் ஒரு காரியம் செஞ்சேன்."

"என்னக்கா?"

"பிள்ளை போயிருச்சுன்னு நெனச்சேன். எங்க வேதத்துல சேர்க்கிற தண்ணிய அவ தலையில ஊத்திட்டேன். பேரும் வச்சுட்டேன்."

மொக்கம்மாள் கையிலிருந்த காய்களை மடியில் போட்டாள். நிமிரவில்லை. "ஊத்துனா என்ன?"

"அவ எங்க ஆளுன்னு ஆகுது. கோவில்ல அப்படித்தான் சொல்லுவாக."

"அந்தச் சாமியாரு எம் புள்ளயக் கேப்பாகளா?"

"தெரியல ஆத்தா. அதான் பயமா இருக்கு."

இப்போது மொக்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இருக்கும் என்று மதலேனாள் நினைத்திருந்தாள். இருந்தது பயம், தன் முகத்தில் இருந்த அதே பயம். மொக்கம்மாள் ஓடிப்போய்ப் பிள்ளையை வாரியெடுத்து, அதன் தலையைச் சேலைத் தலைப்பால் மூடினாள், தண்ணீர் இன்னும் ஈரமாக இருப்பதைப் போல.

கிணற்றில் கமலை கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

"நான் வைத்தியரத் தேடிப் போகலக்கா" என்றாள் மொக்கம்மாள் கடைசியில். "ஓடைக்கரை வரைக்கும் ஓடி அங்கன உக்காந்துக்கிட்டேன். அவ சாகிறதப் பாக்க மாட்டாம ஓடுனேன். எல்லாம் முடிஞ்சிருக்கும்னு நெனச்சுத்தான் திரும்பி வந்தேன். நீ அவ வாயில கஞ்சி விட்டுக்கிட்டு இருந்த."

மதலேனாள் அவள் கையைத் தொடப் போனாள். மொக்கம்மாள் பின்னால் நகர்ந்தாள்.

"வேணாம். எங்க வீட்டுக்காரருகிட்ட இத மூச்சு விடாத. வெட்டிப்புடுவாரு. உங்க சாமியாருகிட்ட எங்க வீட்டுப் பேரச் சொல்லாத. காது குத்துக்கு நீ வரவேணாம். இனிமே எம் புள்ளயத் தொடாதக்கா."

"சரி ஆத்தா" என்றாள் மதலேனாள்.

மத்தியானம் சாமியார் வந்தார். கோவிலுக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, நடுவே மூங்கில் தட்டியை வைத்து, ஒவ்வொருவராகக் கேட்டார். ஒன்பது பிள்ளைகளும் போய் வந்தார்கள். வெளியே வந்ததும் இறக்கை முளைத்ததுபோல ஓடினார்கள். மதலேனாள் எல்லோரையும் முன்னால் விட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் வரிசையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

முழங்காலிட்டாள். உபதேசியாரிடம் சொன்ன பொய்யை முதலில் சொன்னாள். பிறகு மற்றதையும் சொன்னாள்.

தட்டிக்கு அந்தப்பக்கமிருந்து சாமியார் தம்முடைய புத்தகத் தமிழில் கேட்டார். "அந்தப் பிள்ளை சாகும் தருவாயில் இருக்கிறதென்று மெய்யாகவே நம்பினாயா?"

"நம்புனேன் சாமி."

"அப்படியானால் கொடுத்தது பாவமல்ல. ஏன் அழுகிறாய்?"

"பெத்தவளுக்குத் தெரியாமச் செஞ்சேன் சாமி. இன்னைக்குக் காலையிலதான் அவகிட்டச் சொன்னேன்."

"அவள் என்ன சொன்னாள்?"

"பிள்ளையத் தொடாதன்னு சொல்லிட்டா."

"எந்த வீட்டுப் பிள்ளை?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தாள். தட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "சொல்ல மாட்டேன் சாமி. சொன்னா நீங்க கேப்பீக. கேட்டா ஊரு எரிஞ்சுபோகும். என்ன நரகத்துக்குப் போன்னு சொன்னாலும் சொல்ல மாட்டேன்."

தன் வாயிலிருந்துதான் அது வந்ததா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. சாமியாரிடம் அதுவரை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசியவளல்ல அவள்.

சாமியார் குரலை உயர்த்தவில்லை. "மகளே, இங்கே கேட்டதை நான் வெளியே நினைத்தும் பார்க்கக் கூடாது. தலையை வெட்டினாலும் பேசக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு நீதானே சொல்லிக்கொடுக்கிறாய்?"

ஆமாம், அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். பயத்தில் அது அவள் புத்தியிலிருந்தே போயிருந்தது.

"ஆனால் அந்தப் பிள்ளையை நீ சர்வேசுரனுக்கு முன்பாக ஏற்றுக்கொண்டாய். ஆயுள் முழுவதும் அவளுக்காக நாள்தோறும் வேண்டிக்கொள். அது எந்த வீட்டுப் பிள்ளை என்பதை வெளியே வந்து எனக்குச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். திருநாள் பூசை முடிந்ததும் அறையில் இருப்பேன். வந்தால் கேட்பேன்." பிறகு பாவப் பொறுத்தலைச் சொல்லிக் கையை உயர்த்தினார்.

திருநாளன்று நடுச்சாமப் பூசை பெரிய ஊரில். சூசையபட்டிக்கு விடியற்காலப் பூசைதான். பனியில் நடுங்கிக்கொண்டு, தலையில் பூ முடியோடு, புது நன்மைப் பிள்ளைகள் வரிசையாகப் போனார்கள். வைக்கோல் நிறைந்த தொட்டியில் பாலன் சுரூபத்தை வைத்தார்கள். மதலேனாளும் நன்மை வாங்கினாள். மனம் லேசாகும் என்று எதிர்பார்த்தாள்; ஆகவில்லை. பூசை முடிந்ததும் சாமியாரின் அறை வாசல்வரை போனாள். கதவு திறந்திருந்தது. அவர் மேசையில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். நடுச்சாமப் பூசையை முடித்துக்கொண்டு குதிரையில் வந்த களைப்பு. மதலேனாள் செருமவில்லை. அவர் விழிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சத்தமில்லாமல் திரும்பி நடந்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை குதிரைக் குளம்புச் சத்தம் கேட்கும்போதும் அவள் பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். சாமியார் ஒருநாளும் அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை; அவள் முகத்தைக் கூடுதலாக ஒரு கணம்கூடப் பார்க்கவில்லை. அடுத்த ஆடியில், அணை வேலையில் இருந்த வேதக்காரக் கூலிகளைப் பார்க்க மலைக்குப் போனவர், மலைக்காய்ச்சலோடு டோலியில் இறங்கினார். மதுரைக்குத் தூக்கிப் போகும் வழியில் ஊர் கூடி நின்றது. எல்லோருக்கும் வைத்ததுபோல மதலேனாள் நெற்றியிலும் விரலால் சிலுவை வரைந்தார். அவர் திரும்பி வரவில்லை. இறந்த செய்தி வந்தபோது, கேட்கக்கூடிய ஒருவர் போய்விட்டார் என்று அவளுக்குள் ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. அந்த நிம்மதிக்காக மூன்று நாள் ஒருசந்தி இருந்தாள்.

அதற்கு முன்பே, தையில் காது குத்து நடந்திருந்தது. மேளச் சத்தத்தை அவள் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். மாயக்காள் வளர்ந்து வேலி ஓரமாக வருவாள். மொக்கம்மாள் உடனே கூப்பிட்டுக்கொள்வாள். "அந்த மதலேனா ஏன் நம்ம வீட்டுப் பக்கமே வாரதில்ல?" என்று ஒச்சாண்டி கேட்டபோதெல்லாம், "அவுகளுக்குப் பள்ளிக்கூட வேலை" என்று மழுப்பினாள். தண்ணீர் எடுக்கப் போகும்போது இரண்டு பெண்களும் எதிர்ப்பட்டால் தலையசைப்பார்கள். அவ்வளவுதான்.

அணை முடிந்து, மலையைக் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் திருப்பிவிட்ட புரட்டாசியில், கம்பம் பள்ளத்தாக்கே ஆற்றங்கரையில் கூடியது. சூசையபட்டியிலிருந்தும் வண்டி கட்டிப் போனார்கள். மதலேனாள் தண்ணீருக்குப் பயந்து கூட்டத்தின் கடைசியில் நின்றாள். செந்நிறமாக நுரைத்துக்கொண்டு தண்ணீர் வந்தபோது ஜனங்கள் குலவையிட்டு முன்னால் தள்ளினார்கள். கைக்குழந்தையொன்றை மார்போடு அணைத்துக்கொண்டு மொக்கம்மாள் கூட்டத்துக்குள்ளிருந்து பிதுங்கி வெளியே வந்தாள். இன்னொரு கையைப் பிடித்தபடி மாயக்காள் அழுதுகொண்டிருந்தாள்.

மொக்கம்மாள் சுற்றிலும் பார்த்தாள். தெரிந்த முகம் பலது இருந்தது. மாயக்காளின் கையை எடுத்து மதலேனாள் கையில் வைத்தாள்.

"இவளப் புடிச்சுக்கக்கா. கூட்டத்துல விட்றாத."

மதலேனாள் பிடித்துக்கொண்டாள். ஆறு இரைந்துகொண்டு ஓடியது. "கை வலிக்கி" என்று பிள்ளை சிணுங்கியது. மதலேனாள் பிடியைத் தளர்த்தவே இல்லை.